குதிரை துள்ளி உதைக்கிறதா? எப்போது துள்ளுகிறது என்று முதலில் பாருங்கள்

குதிரை தலையைத் தாழ்த்தி, முதுகை வில்லாக வளைத்து, பின்னங்கால்களை வீசி உதைத்தால் "முரட்டுக் குதிரை" என்று பெயர் வந்துவிடும். அடுத்து சாட்டை வரும். வலியில் துள்ளும் குதிரையை அடித்தால் வலியோடு பயமும் சேர்ந்துகொள்ளும், அவ்வளவுதான் பலன். அதனால் ஒரு வாரத்துக்குக் குறித்து வையுங்கள்: சேணத்தின் வயிற்று வாரை இறுக்கும்போதா, ஏறி உட்கார்ந்ததுமா, கேன்டர் என்னும் பாய்ச்சல் ஓட்டத்துக்கு மாறும் நொடியிலா, நாலு நாள் கட்டிப்போட்ட பிறகா? காரணத்தில் பாதி இந்த நேரத்திலேயே தெரிந்துவிடும்.

1. முதுகைத் தடவிப் பாருங்கள்

பிடரி முடியும் மேட்டிலிருந்து இடுப்பு வரை, முதுகெலும்புக்கு இரு பக்கமும் நாலு விரல் தள்ளி, விரல்களின் தட்டையான பகுதியால் அழுத்தி மெதுவாக நகர்த்துங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப முதுகு கீழே இறங்குகிறதா, காது பின்னால் மடிகிறதா, வால் சுழல்கிறதா? அங்கே வலி இருக்கலாம். நகத்தாலோ பேனாவாலோ குத்தாதீர்கள். அப்படிக் குத்தினால் எந்தக் குதிரையும் நெளியும்.

2. சேணம்

துள்ளலுக்கு அடிக்கடி காரணமாக இருப்பது இதுதான். ஆள் ஏறி உட்கார்ந்த நிலையில் பிடரி மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவே இரண்டு, மூன்று விரல் நுழைய வேண்டும். பின்னால் நின்று குனிந்து பார்த்தால் சேணத்தின் அடியில் உள்ள நடுப்பள்ளத்தின் வழியே வெளிச்சம் தெரிய வேண்டும். சேணத்தின் பின்முனை கடைசி விலா எலும்பைத் தாண்டக் கூடாது. அரை மணி நேரம் ஓட்டிவிட்டுக் கழற்றுங்கள். சுற்றிலும் வியர்வை, நடுவில் மட்டும் உலர்ந்த திட்டு என்றால் அந்த இடத்தில் அழுத்தம் அதிகமோ என்று சந்தேகப்படுங்கள். அங்கே வெள்ளை முடி முளைத்திருந்தால் அது பழைய காயத்தின் தடம். இடைவெளியை நிரப்ப இன்னொரு கம்பளத்தை மடித்து வைப்பது, இறுகிய செருப்புக்குள் இரண்டு சாக்ஸ் போடுவது மாதிரி.

வாரை ஒரே இழுப்பில் இறுக்காதீர்கள். முதலில் நழுவாத அளவுக்கு மட்டும் கட்டி, பத்தடி நடக்க வைத்து, ஒரு துளை ஏற்றுங்கள். மறுபடி நடக்க வைத்து, ஏறும் முன் கடைசித் துளை. இவ்வளவு பொறுமையாகக் கட்டியும் கடிக்க வருகிறது என்றால் வயிற்றுப்புண் இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

3. வாய், குளம்பு

கடைவாய்ப் பற்களில் கூர் ஏறினால் கடிவாளம் படும்போதெல்லாம் கன்னத்தில் குத்தும். ஆண்டுக்கு ஒரு முறை பல் ராவ வேண்டும். குளம்பை ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒரு முறை சீவ வேண்டும்.

4. தீனி

முதலில் எடை. நெஞ்சுச் சுற்றளவை (செ.மீ.) அதே எண்ணால் பெருக்கி, தோள் முனையிலிருந்து புட்டம் வரையான நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ கணக்கு கிடைக்கும். சுற்றளவு 160, நீளம் 145 என்றால் சுமார் 312 கிலோ. இந்தக் குதிரைக்கு நாளைக்கு உலர்ந்த நிலையில் ஐந்து, ஆறு கிலோ புல் தேவை. பச்சைப்புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் என்பதால், புல்லாகவே போட்டால் 20 கிலோவுக்குக் குறையக் கூடாது. நம் ஊரில் பெரும்பாலும் இங்கேதான் தவறு நடக்கிறது: புல்லைக் குறைத்து, ஓட்ஸும் மக்காச்சோளமும் கொள்ளும் அள்ளிப் போடுகிறார்கள். மிஞ்சிய தெம்பு துள்ளலாக வெளியே வரும். தானியம் ஒரு வேளைக்கு ஒன்றரைக் கிலோவைத் தாண்ட வேண்டாம். வேலை இல்லாத நாளில் அதையும் பாதியாக்குங்கள்.

5. நீளக் கயிற்றில் ஓட்டிப் பாருங்கள்

எட்டு மீட்டர் கயிறு, கையுறை, ஹெல்மெட். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது, விரல் போய்விடும். கடிவாளத்தில் கட்டாமல் தலைக்கயிற்றில் கட்டி, நடுவில் நின்று உங்களைச் சுற்றி வட்டமாக ஓடவிடுங்கள்: ஒரு பக்கம் ஐந்து நிமிடம், மறுபக்கம் ஐந்து நிமிடம். முதலில் வெறும் முதுகோடு, பிறகு சேணத்தோடு (ஸ்டிரப்பை, அதாவது கால் வைக்கும் வளையத்தை, மேலே ஏற்றிக் கட்டிவிடுங்கள்). இரண்டு துள்ளு துள்ளிவிட்டு அடங்கினால் அடைபட்ட தெம்பு. சேணம் போட்டால் மட்டும் விடாமல் துள்ளினால் சேணமோ முதுகோ. ஆள் ஏறினால் மட்டும் என்றால் எடையையும் கையையும் பாருங்கள்: ஏறுபவரும் சேணமும் சேர்ந்து குதிரை எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஓடச் சொல்லிக் குதிகாலால் தட்டிவிட்டு, அதே நொடியில் லகானை இழுத்துப் பிடிப்பதும் புதியவர்களிடம் சகஜம்.

6. மேலே இருக்கும்போது துள்ளினால்

நிமிருங்கள், குதிகாலைக் கீழே அழுத்துங்கள், முன்னால் சாயாதீர்கள். ஒரு கையை ஒரே பக்க லகானில் கீழே நழுவவிட்டுப் பிடித்து, தொடைப் பக்கம் கொண்டுவாருங்கள். கழுத்து வளைந்தால் பின்னங்கால் குறுக்கே எட்டு வைக்கும். இரண்டு கால்களையும் சேர்த்து ஊன்றி உதைக்கும் பலம் போய்விடும். நின்றதும் உடனே லகானைத் தளர்த்துங்கள், அதுதான் அதற்குக் கிடைக்கும் பரிசு. நிற்கும்போதும் நடக்கும்போதும் இரு பக்கமும் பழகிய பிறகே இது கைகொடுக்கும். வேகமாக ஓடும்போது வெடுக்கென்று இழுத்தால் குதிரையே சரிந்து விழும். அப்போது பெரிய வட்டத்தில் திருப்பி, வட்டத்தைச் சிறிதாக்கிக்கொண்டே வாருங்கள்.

வலி இல்லை என்று உறுதியான பிறகும் துள்ளினால், உடனே இறங்கி லாயத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். துள்ளினால் வேலை முடியும் என்று அது கற்றுக்கொள்ளும். மேலே இருக்கத் தைரியம் இல்லையா, இறங்கிக் கயிற்றில் பத்து நிமிடம் வேலை வாங்குங்கள்.

குட்டைக் குதிரைகளின் தந்திரம் வேறு. புல்லுக்குத் தலையைக் குனிந்து, மேலே இருக்கும் குழந்தையைக் கழுத்து வழியாக இறக்கிவிடும். கடிவாள வளையத்திலிருந்து சேணத்தின் முன்வளையத்துக்கு ஒரு வார் கட்டினால் தலை தரைக்குப் போகாது. சாதாரணமாக நடக்கும்போது அந்த வார் தொய்வாக இருக்கட்டும்.

முன்னங்காலைத் தூக்கி எழும்பும் குதிரையிடம் இவை எதுவும் செல்லாது. லகானைத் தளர்த்தி, பிடரி மயிரைப் பிடித்து, முன்னால் சாயுங்கள். பின்னால் இழுத்தால் உங்கள் மேலேயே விழும். அதன் முன்னங்கால் தரையில் பட்டதும் இறங்கிவிடுங்கள். அதன் மேல் அடுத்து ஏறுபவர் தேர்ந்த பயிற்சியாளராக இருக்கட்டும்.