சிறுவிடை என்றால் இளங்கோழி அல்ல: கோழி வளர்ப்பில் சொல் மாறினால் வரும் தவறுகள்

சந்தையில் ‘சிறுவிடை’ என்று சொல்லி விற்பதை இளங்கோழி என்று நினைத்து வாங்கி வந்து, ‘ஏன் இன்னும் வளரவில்லை?’ என்று மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. முதல் முட்டைக்குத் தயாராகும் இளம் பெட்டைக்குப் பெயர் விடைக்கோழி, பேச்சில் வெடக்கோழி. சிறுவிடையும் பெருவிடையும் நாட்டுக்கோழியின் ரகங்கள். சிறுவிடை முழுதாக வளர்ந்த பிறகும் சிற்றுடம்புதான். ஆனால் அடைகாத்துக் குஞ்சு பொரிப்பதில் கெட்டி. பெருவிடை உயரமும் எடையும் கூடியது. முட்டைக்காக அதை வாங்காதீர்கள்.

‘நாட்டுக்கோழிக் குஞ்சு’ என்று வண்டியில் வருபவை பல நேரம் வனராஜா, கிரிராஜா போன்ற மேம்படுத்திய ரகங்களாக இருக்கும். முட்டை கூடுதலாகக் கிடைக்கும், அடைப்பழக்கம் குறைவு. தாய்க்கோழியே குஞ்சு பொரிக்க வேண்டும் என்று விரும்புகிறவர் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

‘அடை’ என்ற சொல்லில்தான் நான் தடுமாறினேன். பக்கத்து வீட்டுப் பாட்டி சாயங்காலம் ‘கோழி அடைஞ்சிருச்சா?’ என்று கேட்டால், கோழியை அடைக்கும் கூடையான பஞ்சாரத்துக்குள் வந்துவிட்டதா என்று பொருள். ‘அடையில் இருக்கு’ என்றால் முட்டைமேல் உட்கார்ந்துவிட்டது என்று பொருள். தெற்கே அவயம் என்பார்கள். அடைக்கோழி இரை குறைத்து, சிறகைச் சிலிர்த்து, கிட்டப் போனால் உறுமும். நாளுக்கு ஒருமுறை இறங்கிவந்து ஒரே குவியலாக, கடும் நாற்றத்தோடு எச்சமிடும். அதைக் கழிச்சல் என்று நினைத்து நான் மருந்து கொடுத்தேன். அதற்கு நோயே இல்லை. குஞ்சு பொரிக்கும்வரை, 21 நாள், அதை அதன் போக்கில் விட்டிருக்க வேண்டும்.

சேவல் இல்லாவிட்டாலும் பெட்டை முட்டையிடும். அந்த முட்டை பொரியாது. கடை முட்டையை அடைவைத்து ஏமாறுவதும் இதனால்தான். அடைவைத்த 7ஆம் நாள் இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள்: சிவப்பு நரம்பு ஓடினால் கரு உண்டு, தெளிவாக இருந்தால் இல்லை. கரு இல்லாததை அப்போதே எடுத்துவிடலாம். விட்டுவைத்தால் அழுகிக் கூமுட்டையாகும்.

தீவனக் கடையில் ‘கோழித் தீவனம்’ என்று மட்டும் கேட்காதீர்கள். குஞ்சுக்கு ஸ்டார்ட்டர், வளரும் கோழிக்குக் குரோவர், முட்டையிடும் கோழிக்கு லேயர். லேயர் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து மிக அதிகம். குஞ்சுக்குத் தொடர்ந்து போட்டால் சிறுநீரகம் கெடும். கிளிஞ்சல் தூள் முட்டை ஓட்டுக்கு. பொடிக்கல் வேறு வேலைக்கு: பல்லில்லாத கோழி வயிற்றுக்குள் தானியத்தை அரைப்பது அதை வைத்துத்தான்.

உயிரையே வாங்கும் குழப்பம் கழிச்சலில் இருக்கிறது. மருந்துக் கடையில் ‘கோழி கழியுது’ என்றால் யாருக்கும் எதுவும் விளங்காது. நிறத்தைச் சொல்லுங்கள். இரத்தம் கலந்து போனால் அது பெரும்பாலும் இரத்தக்கழிச்சல். ஈரமான கூளத்தில் பெருகும் ஒட்டுண்ணியால் வருவது, சீக்கிரம் கவனித்தால் மருந்துக்குக் கட்டுப்படும். வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்து, கழுத்து முறுக்கி, கால் இழுத்துக்கொண்டால் வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். இமயமலை ஊரான ராணிக்கேத்தின் பெயரால் ராணிக்கெட் என்று வழங்கும் நோய் இதுதான். வைரஸால் வருவதால், வந்தபிறகு ஆன்டிபயாடிக் ஊற்றிப் பயனில்லை. நோய்க்கோழியை உடனே தனியே பிரித்து, கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

முன்கூட்டியே போடும் தடுப்பு மருந்துதான் காக்கும். குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, சுமார் 8 வாரத்தில் ஊசி. கால்நடை மருந்தகத்தில் கேட்கும்போது ‘கழிச்சல் மருந்து’ என்று சொல்லாமல், ‘ராணிக்கெட் தடுப்பு மருந்து, குஞ்சுக்கு இத்தனை நாள்’ என்று சொல்லுங்கள். போகும்போது ஐஸ் போட்ட பிளாஸ்க் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். வெயிலில் சூடேறிய மருந்தைப் போடுவதும் போடாததும் ஒன்றுதான்.