வேலை பிடிக்கவில்லையா, கைவரவில்லையா? புது ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையிலும் கிண்ணியா, மூதூர்ப் பக்கத்திலும் புது நியமனம் பெற்று வரும் ரீச்சர்மாரையும் சேர்மாரையும் பார்த்துப் பார்த்து எழுதுவது இது. நாங்கள் விழுந்த அதே குழிகளில்தான் அவர்களும் விழுகிறார்கள். நேரத்துக்கு வருவது, பாடக்குறிப்பு எழுதுவது பற்றியெல்லாம் சொல்லப்போவதில்லை, அதை அதிபரே நாளுக்கு இரண்டு தரம் சொல்லுவார். "எனக்கு இது வரும்" என்ற நம்பிக்கைக்கும் வேலையில் கிடைக்கும் திருப்திக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 2006இல் வெளியான இத்தாலிய ஆய்வொன்று 75 பாடசாலைகளில் 2,000க்கு மேற்பட்ட ஆசிரியர்களைப் பார்த்து அதைத்தான் காட்டியது. அந்தத் தொடர்பைப் பிழையாக விளங்கிக்கொள்ளும் இடங்களைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

ஒரு பாடவேளையின் தோல்வியை வேலையின் தலையில் கட்டுவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் தருவது இதுதான். ஒரு கணித ரீச்சர், பட்டதாரி, கெட்டிக்காரி. முதல் தவணையிலேயே இடமாற்றக் கடிதத்தை எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். கேட்டால் பிள்ளைகள் சரியில்லை, பாடசாலை சரியில்லை, தூரம், வெயில், கடைசியில் "எனக்கு இந்த வேலையே சரிவராது சேர்." சரி, எந்த வகுப்பு, எந்தப் பாடவேளை என்று கேட்டேன். யோசித்துவிட்டு, ஒன்பதாம் தரம், இடைவேளைக்குப் பிறகு என்றார். ஆறாம் தரம்? "அது பரவாயில்லை சேர், அதுகள் பாசமான பிள்ளைகள்."

போய்ப் பின்வாங்கில் இருந்தேன். சமன்பாடு ஒன்றை முதலிலிருந்து விடை வரைக்கும் ஒரே மூச்சில் பலகையில் எழுதினார், முதுகு முழுக்க வகுப்புக்கு. மூன்றாவது வரியில் ஒரு பேனை மூடி பறந்தது, ஐந்தாவது வரியில் ஒருவன் எழும்பி ஜன்னலால் யாரையோ கூப்பிட்டான், விடை வந்தபோது அதைப் பார்க்க ஆளில்லை. திரும்பிக் கத்தினார், தொண்டை கட்டியது. கிழமைக்குப் பல தடவை இப்படி நடந்தால் யாருக்குத்தான் வேலை பிடிக்கும்?

நான் சொன்னது கொஞ்சம்தான். இரண்டு வரி எழுதுங்கள், பக்கவாட்டில் நில்லுங்கள், அடுத்த வரியைப் பின்வாங்குப் பிள்ளை ஒன்றைக் கொண்டு எழுதுவியுங்கள். முதல் நாள் சரிவரவில்லை, பேனை மூடி அன்றும் பறந்தது. ஆனால் தவணை முடிவதற்குள் பிள்ளைகள் பலகைக்கு வரப் போட்டி போட்டார்கள், அவர் ஓய்வறையில் ஒன்பதாம் தரத்துக் கதையைச் சிரித்துச் சிரித்துச் சொல்லத் தொடங்கினார்.

உளவியலாளர் அல்பேர்ட் பண்டூரா 1977இலேயே எழுதிவிட்டார், இந்த நம்பிக்கைக்கு மிக வலுவான ஊற்று ஒருவர் தானே செய்து வென்ற அனுபவம். அந்த நம்பிக்கை செய்யும் காரியத்துக்குக் காரியம் மாறும் என்பதும் அவருடைய கருத்து. அல்ஜிப்ரா விளங்கப்படுத்தத் தெரிந்தவருக்கு நாற்பது பிள்ளைகளை அடக்கியாளத் தெரிய வேண்டும் என்று இல்லை, அது வேறு கைவேலை. இது விளங்காமல், சொந்தக்காரர் முழுப்பேரும் சேர்ந்து இடமாற்றத்துக்கு ஆள் பிடிக்க ஓடுகிறார்கள். இங்கே பிள்ளைகள் கணிதத்துக்கு ஆளில்லாமல் இருக்கும், அங்கே டவுன் பாடசாலையிலும் ஓர் ஒன்பதாம் தரம் காத்துக்கொண்டிருக்கும்.

சான்றிதழ் சேர்ப்பது

கோப்பு தடிக்கும், வகுப்பு அப்படியே இருக்கும்.

பாராட்டை நம்பி இருப்பது

"நல்லாச் செய்றீங்க" என்பது ஒரு நாளைக்குத் தாங்கும். அடுத்த பாடவேளை சொதப்பினால் கரைந்துவிடும். அதைவிட, உங்களைவிட ஒரு வருஷம் மட்டும் மூத்தவரின் வகுப்பில் போய் இருந்து பாருங்கள். முப்பது வருஷ அனுபவக்காரரைப் பார்த்தால் பயம்தான் கூடும்.

சத்தம் கேட்டவுடன் மூத்தவர் உள்ளே போய் அதட்டுவது

இது மூத்தவர்களுக்கு. வேண்டாம். அடுத்த நாள் அந்தப் புதியவர் வாசலைப் பார்த்தபடியே படிப்பிப்பார்.

வருஷம் போனால் தானாக வரும் என்பது

2010இல் கனடாவில் 1,430 ஆசிரியர்களிடம் செய்த ஆய்வில், இந்த நம்பிக்கை சுமார் 23 வருஷச் சேவை வரைக்கும் ஏறி, அப்புறம் இறங்கியது. வகுப்பை நடத்துவதிலும் கற்பிக்கும் முறையிலும் நம்பிக்கை கூடியவர்களுக்கே வேலைத் திருப்தியும் கூடுதலாக இருந்தது. சும்மா வருஷத்தை எண்ணிக்கொண்டிருந்து பயனில்லை.

நம்பிக்கை வந்தால் எல்லாம் சரியாகும் என்பது

சரியாகாது. சம்பளம் கூடாது, பஸ் நேரத்துக்கு வராது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு அங்கே பாதைக்காக, அதாவது வாகனம் ஏற்றும் படகுக்காக, காத்துநிற்கும் கரைச்சல் போனது உண்மைதான், ஆனாலும் டவுனிலிருந்து மூதூருக்குப் போய்வருகிற அம்மா ஒருவர் வீட்டில் கைக்குழந்தையை விட்டுவிட்டு வந்தால், எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் பின்னேரம் நொந்துதான் போவார். அப்படியானவர் இடமாற்றக் கடிதத்தைத் தாராளமாகக் கொடுக்கட்டும். ஒன்பதாம் தரத்துக்குப் பயந்து எழுதியவர் மட்டும் முதலில் என்னைப் பின்வாங்கில் ஒரு பாடவேளை இருக்க விடுங்கள்.