பழைய நகரத் தெருவில் ஓவியக்கூடங்கள்: முதல் முறை போகிறவர்களுக்கு

கண்ணாடிக் கதவு. உள்ளே வெள்ளைச் சுவர்கள். மேஜைக்குப் பின்னால், யார் வந்தாலும் தலை நிமிராத ஒருவர். முதல் முறை இதைப் பார்த்தபோது டிக்கெட் எங்கே வாங்குவது என்று தெரியாமல் வாசலோடு திரும்பிவிட்டேன். டிக்கெட்டே கிடையாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. அருங்காட்சியகம் வேறு, கேலரி என்கிற ஓவியக்கூடம் வேறு. கேலரி ஒரு கடை. துணிக்கடையில் புரட்டிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வருகிறோமே, அந்த உரிமை இங்கேயும் உண்டு.

படி 1: நாளைப் பாருங்கள்

ஞாயிறும் திங்களும் பல கேலரிகள் மூடியிருக்கும். ஒரு கண்காட்சி முடிந்து அடுத்ததை மாட்டும் நாட்களிலும் அப்படித்தான். கிளம்பும் முன் ஒரு போன் போட்டுவிடுங்கள். திறப்பு விழா மாலைகளில் ஓவியரைச் சந்திக்கலாம், ஓவியத்தைச் சந்திக்க முடியாது, அவ்வளவு கூட்டம். முதல் முறைக்கு வார நாள் மதியம் நல்லது.

படி 2: மூன்று போதும்

பழைய பகுதிகளில் கேலரிகள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் பத்தையும் பார்த்துவிட ஆசை வரும். வேண்டாம். நான்காவதில் கண் பார்க்கும், மனம் பார்க்காது. நடக்கிற தூரத்தில் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மாடியிலும் தேடுங்கள்; தரைத்தள வாடகை கட்டுப்படியாகாத கேலரிகள் பல மேலேதான் இருக்கும். வாசலில் சின்னப் பெயர்ப்பலகையும் அழைப்பு மணியும்தான் அடையாளம். தயங்காமல் மணியை அழுத்துங்கள்.

படி 3: முதலில் கூரையைப் பாருங்கள்

ஓவியங்கள் ஏன் பழைய தெருக்களைத் தேடி வருகின்றன? கிடங்குகளும் பட்டறைகளும் காலியானபோது அங்கே வாடகை குறைவு, கூரை உயரம், வெளிச்சம் தாராளம். நியூயார்க்கின் சோஹோ இதற்கு நல்ல உதாரணம். 19-ஆம் நூற்றாண்டில் அங்கே எழுந்த கட்டடங்களில் வார்ப்பிரும்பு முகப்புகளும் தூண்களும் பாரத்தைத் தாங்கின. அதனால் பெரிய ஜன்னல்களும் குறுக்குச் சுவர் குறைந்த விசாலமான தளங்களும் சாத்தியமாயின. தொழில்கள் வெளியேற, 1960-களில் கலைஞர்கள் குடியேறினார்கள். பின்னாலேயே கேலரிகள் வந்தன. பிறகு வாடகை ஏறியது, 1990-களில் பல கேலரிகள் செல்சி பகுதிக்கு இடம் மாறின. ஆகவே உள்ளே நுழைந்ததும் ஒரு நிமிடம் அண்ணாந்து பாருங்கள். சுமை தூக்கிய கப்பிக் கொக்கி இன்னும் தொங்கிக்கொண்டிருக்கலாம்.

படி 4: ஒரு சுற்று, பிறகு ஒரே ஓவியம்

நேரத்தில் பெரும்பகுதி இதற்குத்தான். முதலில் எங்கும் நிற்காமல் ஒரு சுற்று வாருங்கள். உங்களைத் திரும்ப இழுக்கிற ஒன்றிடம் போய் நில்லுங்கள். பிடிக்காமல் உறுத்துகிற ஓவியமானாலும் சரி. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் நடத்தி 2001-இல் வெளியிட்ட ஆய்வில், பார்வையாளர்கள் ஓர் ஓவியத்தின் முன் நின்றது சராசரியாக 27 விநாடிகள்தான். நீங்கள் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். இரண்டாவது நிமிடத்தில் சலிக்கும். மூன்றாவதில்தான் படம் பேச ஆரம்பிக்கும்.

தூரத்தில், கிட்டத்தில், பக்கவாட்டில் என்று இடம் மாற்றுங்கள். எண்ணெய் வண்ண ஓவியத்தைப் பக்கவாட்டில் பார்த்தால் வண்ணம் எங்கே மேடு, எங்கே கத்தியால் வழித்தது என்பதெல்லாம் தெரியும். எச்சிங் என்றால், அதாவது உலோகத் தகட்டில் அமிலத்தால் கோடுகளை அரித்து, மை பூசிக் காகிதத்தில் அச்சிட்ட படம் என்றால், படத்தைச் சுற்றி ஒரு பள்ளக் கோடு தெரிகிறதா என்று தேடுங்கள். ஈரக் காகிதத்தின் மேல் உலோகத் தகடு அழுந்திய தடம் அது. கீழே பென்சிலில் 7/30 என்று இருந்தால், முப்பது பிரதிகள் கொண்ட பதிப்பில் இது ஏழாம் எண். கணினி அச்சில் இந்தப் பள்ளம் தானாக விழாது. விரலால் தடவிப் பார்க்கத் தோன்றும், கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்.

சுவரில் உள்ள குறிப்பைக் கடைசியில் படியுங்கள். முதலிலேயே படித்தால், அது சொன்னதைத்தான் கண் தேடும். பக்கத்தில் சிவப்புப் பொட்டு இருந்தால் அந்தப் படம் விற்றுவிட்டது.

படி 5: வாயைத் திறவுங்கள்

அந்தத் தலை நிமிராத ஆள் கோபக்காரர் அல்லர். நம்மை நிம்மதியாகப் பார்க்க விடுகிறார், அவ்வளவுதான். 'இதற்கு என்ன அர்த்தம்?' என்று கேட்டால் பேச்சு பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். 'இதை எப்படிச் செய்தார்?' என்று கேளுங்கள், கதை வரும். சுவரில் விலை இல்லையென்றால் மேஜையில் விலைப்பட்டியல் இருக்கும். கேட்பதால் வாங்கியாக வேண்டும் என்றில்லை. பல இடங்களில் விலையில் பாதி வரை கேலரியின் பங்கு, மீதிதான் ஓவியருக்கு. வாங்கும் எண்ணம் இல்லாமல் விளையாட்டுக்குப் பேரம் பேசாதீர்கள்.

முதுகுப் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். சட்டென்று திரும்பும்போது சிற்பத்தைத் தட்டுவது அதுதான்.

படம் எடுக்க அனுமதி கிடைத்தால் முதலில் குறிப்புச் சீட்டை எடுங்கள், அடுத்து ஓவியத்தை. இந்த வரிசையைத் தாமதமாகக் கற்றதால் என் போனில் யார் வரைந்தது என்றே தெரியாத படங்கள் இருபதுக்கும் மேல் கிடக்கின்றன.