ஆங்கில கேக் குறிப்பை வாசித்துச் செய்வது எப்படி?

ஓடிஜி (கேக் சுடும் சிறிய மின்சார அடுப்பு), மைதா, வெண்ணெய், முட்டை எல்லாம் தயார் என்று எடுத்துக்கொள்கிறேன். நேரே குறிப்புக்குப் போகலாம்.

முதலில், எந்த நாட்டுக் குறிப்பு என்று பாருங்கள். ‘ஆல் பர்ப்பஸ் ஃப்ளவர்’ என்றால் பெரும்பாலும் அமெரிக்கா, ‘ப்ளெய்ன் ஃப்ளவர்’ என்றால் பிரிட்டன் அல்லது ஆஸ்திரேலியா. இரண்டுக்குமே நமக்கு மைதாதான். அமெரிக்கக் குறிப்பில் 350 டிகிரி என்பது ஃபாரன்ஹீட். நம் ஓடிஜியில் 175–180 டிகிரி செல்சியஸ் வையுங்கள். ‘ஒரு ஸ்டிக் பட்டர்’ என்பது 113 கிராம்.

அடுத்தது பொருள் பட்டியல். இங்கே காற்புள்ளியைக் கவனியுங்கள். ‘ஒன் கப் ஃப்ளவர், சிஃப்டட்’ என்றால் அளந்துவிட்டுச் சலிக்க வேண்டும். ‘ஒன் கப் சிஃப்டட் ஃப்ளவர்’ என்றால் சலித்த பிறகு அளக்க வேண்டும். சலித்த மாவு பொங்கி நிற்பதால் கப்பில் குறைவாகவே பிடிக்கும். கரண்டியால் அள்ளிப் போட்டு மேலே வழித்த ஒரு கப் மைதா சுமார் 125 கிராம். கப்பையே டப்பாவுக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் 150 வரை போய்விடும், கேக் வறண்டுபோகும். அதனால்தான் கப் செட் வாங்காதீர்கள், டிஜிட்டல் தராசு வாங்குங்கள் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

‘க்ரீம்’ என்றால் வெண்ணெயையும் சர்க்கரையும் நிறம் வெளுத்து உப்பி வரும்வரை அடிப்பது. கூடவே ‘ரூம் டெம்பரேச்சர் பட்டர்’ என்று போட்டிருப்பார்கள். அது குளிர்நாட்டு அறை, 20 டிகிரி பக்கம். சென்னையில் மே மாதம் வெண்ணெயை வெளியே மறந்து வைத்தால் ஒழுகிவிடும். ஒழுகிய வெண்ணெயில் காற்று நிற்காது, கேக் எழும்பாது. விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் எண்ணெய் மினுமினுக்கக் கூடாது. அந்தப் பதத்தில் அடிக்க ஆரம்பியுங்கள். உருகிவிட்டதா? சிறிது நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள்.

‘ஃபோல்டு’ வந்தால் பீட்டரை (அடிக்கும் கருவியை) எடுத்து வைத்துவிடுங்கள். சிலிகான் ஸ்பேட்டுலாவால் அடியிலிருந்து மேலே மெல்லப் புரட்டினால் போதும். மாவின் வெள்ளைக் கோடுகள் மறைந்ததும் நிறுத்துங்கள்.

பின்சேர்க்கை: ‘ப்ராயில்’ என்றால் என்ன என்று பலர் கேட்டிருந்தீர்கள். பிரிட்டிஷ்காரர்கள் ‘க்ரில்’ என்பதைத்தான் அமெரிக்கர்கள் அப்படிச் சொல்கிறார்கள். ஓடிஜியில் மேல் கம்பி மட்டும் எரியும் குறி. கேக்குக்கு மேல், கீழ் இரண்டு கம்பியும் வேண்டும். அப்புறம், ஓடிஜிக்குள் சூட்டைச் சுழற்றும் ஃபேனைப் போட்டால் குறிப்பிலுள்ள சூட்டிலிருந்து 20 டிகிரி செல்சியஸ் குறையுங்கள்; குறிப்பிலேயே ‘ஃபேன்’ என்று தனியாகக் கொடுத்திருந்தால் அதையே வையுங்கள்.