விண்கலம் இறங்கும் கரையில் அவளுக்கு என்ன வேலை?

தனுஷ்கோடியில் கேமராவோடு இறங்கும் குறும்படக் குழுக்களுக்கு அறிவியல் புனைகதை மேல் ஆசை வருவது இயல்புதான். 1964 புயலில் சிதைந்த தேவாலயம், செட் போடாமலேயே உலகம் அழிந்த காட்சியைக் கொடுத்துவிடும். சொதப்புவது பெரும்பாலும் பெண் பாத்திரத்தில்.

கையில் துப்பாக்கி கொடுத்தால் போதும் என்று நினைப்பது முதல் தவறு. அடிப்பாள், பாய்வாள், எதையும் முடிவு செய்யமாட்டாள். 1979இல் வந்த 'ஏலியன்' படத்தின் நாயகி ரிப்ளியைப் பாருங்கள். முகத்தில் அந்நிய உயிர் ஒட்டிய சக ஊழியரை விண்கலத்துக்குள் விடச் சொல்லி கேப்டனே கேட்டும், தனிமைப்படுத்தும் விதியைச் சொல்லிக் கதவைத் திறக்க மறுக்கிறாள். துப்பாக்கி இல்லை, சண்டை இல்லை. ஆள் யாரென்று தெரிந்துவிடுகிறது. அந்தத் திரைக்கதையின் பாத்திரங்களை ஆண், பெண் யாரும் நடிக்கலாம் என்றே எழுதியிருந்தார்கள். அதே படம் கடைசியில் அவளை உள்ளாடையோடு நிறுத்துகிறது, அது வேறு கதை.

நம்மூரில் அதிகம் நடப்பது, படிப்பைக் கொடுத்துவிட்டு அதைப் பூட்டிவைப்பது. 'எந்திரன்' சனா மருத்துவ மாணவி. ஆனால் தேர்வில் காப்பியடிக்க உதவுவது சிட்டி ரோபோ, அக்காவின் சிக்கலான பிரசவத்தைப் பார்ப்பதும் சிட்டி. பிற்பாதியில் சனாவுக்கு மிச்சமிருப்பது கடத்தப்படுவது மட்டும்.

சரி, கதை ராமநாதபுரம் கடற்கரையில் நடக்கிறது என்றால், மண்டபம் ஊர் வெயிலில் நாயகிக்குத் தோல் ஜாக்கெட் எதற்கு? பாம்பன், சின்னப்பாலம் பக்கம் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களின் கோலமே போதும்: விரலில் சுற்றிய துணி, நீச்சல் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை. கடலடியில் ஏதோ வந்து இறங்கியிருக்கிறது என்றால் முதலில் கவனிக்கப்போவது அவர்கள்தான். எந்தப் பாறையில் மரிக்கொழுந்துப் பாசி இருந்தது, எங்கே கருகியது என்று அவர்களுக்குத் தெரியும். சென்னையிலிருந்து வரும் விஞ்ஞானி நாயகன் அவர்களுக்கே கடலைப் பற்றி வகுப்பு எடுக்கும் காட்சியைத் தயவுசெய்து எழுதாதீர்கள். "அக்கா, இந்தப் பாசி ஏன் இப்படி இருக்கு?" என்று அவன் கேட்கட்டும்.

அதற்காகப் பாசி எடுக்கும் நாயகியைக் கடல் தாயின் அருள் பெற்றவளாக்கிவிடவும் வேண்டாம். மூச்சடக்குவது பழக்கத்தில் வந்த தொழில்திறமை. அவளுக்கு முதுகு வலிக்கும், வியாபாரியோடு விலைக்குச் சண்டை போடுவாள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா என்பதால், வனத்துறைப் படகு வந்தால் வயிற்றைக் கலக்கும். விண்கலத்தைப் பார்த்ததை வெளியே சொன்னால், அங்கே ஏன் போனாய் என்ற கேள்வி வரும். சொல்லலாமா வேண்டாமா? இந்தத் தயக்கத்திலேயே பாதிப்படம் ஓடும்.

நாயகனுக்குக் கோபம் வரவேண்டும் என்பதற்காக இடைவேளையில் அவளைக் கொல்வது சோம்பேறித்தனம். அப்புறம் கிளைமாக்ஸ். விண்கலத்தின் வாசல் தண்ணீருக்கு அடியில் என்று எழுதிவிட்டு, அவளைக் கரையில் மயங்கவைத்து, நீச்சல் பழகாத நாயகனைக் குதிக்கவைக்கிறார்கள். மூச்சடக்கத் தெரிந்தவள் அவள். அவளே குதிக்கட்டும், அவன் படகைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும்.