கல்பொருது இரங்கும் ஆற்றில்: கனூ பயணத்திலும் கவிதையிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டி ஏறத்தாழ 11 லட்சம் ஏக்கரில் விரிந்து கிடக்கிறது பவுண்டரி வாட்டர்ஸ் வனப்பகுதி. அங்குள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகளில் பெரும்பாலானவற்றில் மோட்டார் படகுக்கு அனுமதி இல்லாததால், இருமுனையும் கூர்ந்த கனூ என்னும் துடுப்புப் படகில்தான் செல்ல வேண்டும். எதிர்பாராததை ஏற்கப் பழகலாம், அதைக் கவிதையாக்கலாம் என்று நோட்டும் கையுமாக வருபவர்கள் செய்யும் முதல் தவறு, ஒவ்வொரு நாளையும் முன்கூட்டியே கணக்கிட்டு நிரப்பிவிடுவதாகும்.

வரைபடத்தில் இரு விரல் அகலமே தெரியும் ஏரி, பிற்பகலில் காற்று எழுந்துவிட்டால் கடக்க முடியாததாகிவிடும். ஒரு நாளைக் கூடுதலாகக் கையில் வைத்திருப்பவர் கரையில் காத்திருப்பார். வைத்திராதவர் ஊர் திரும்பும் தேதியை நினைத்துக்கொண்டு அலையில் இறங்குவார். ஏரிக்கும் ஏரிக்கும் இடையே படகைத் தோளில் தூக்கி நடக்கும் பாதைகளிலும் இதே கதைதான். அவற்றின் நீளத்தை அங்கே 'ராட்' என்ற அளவில் குறிப்பார்கள். ஒரு ராட் 16.5 அடி, ஏறக்குறைய ஒரு கனூவின் நீளம். 100 ராட் அரைக் கிலோமீட்டர்தானே என்று எண்ணுபவர், சுமையை இரண்டு நடையாகக் கொண்டுபோனால் அதே பாதையை மூன்று முறை கடக்க வேண்டியிருக்கும் என்பதை மறந்துவிடுகிறார்.

இதைவிட ஆழமான தவறு ஒன்று உண்டு. அதைச் செய்பவர்கள் பெரும்பாலும் தமிழ் படித்த நாம்தான். 'நீர்வழிப் படூஉம் புணைபோல்' (நீரின் போக்கில் செல்லும் தெப்பம்போல்) என்ற கணியன் பூங்குன்றனாரின் உவமையை (புறநானூறு 192), வருவது வரட்டும் என்று கைகட்டி இருப்பதற்கான அனுமதியாகப் படித்துவிடுகிறோம். அவரோ அந்த உவமையிலிருந்து, பெரியோரை வியத்தலும் சிறியோரை இகழ்தலும் வேண்டாம் என்ற முடிவுக்குத்தான் போகிறார். சோம்பலுக்கு அதில் இடமே இல்லை. ஆற்றிலும் அப்படித்தான். நீரின் வேகத்திலேயே மிதந்து செல்லும் படகில் துடுப்பைச் சுக்கானாகப் பிடித்துப் பயனில்லை. நீரைவிட வேகமாகவோ மெதுவாகவோ சென்றால்தான் படகு திரும்பும்.

அதே பாடலில் வரும் 'கல்பொருது' (பாறையில் மோதி) என்ற சொல்லைக் கனூக்காரர்கள் உடலாலேயே அறிவார்கள். விரைந்தோடும் நீரில் படகு பக்கவாட்டாகப் பாறையில் மோதும்போது, உடல் அச்சத்தில் பாறையை விட்டு எதிர்ப்புறமாகச் சாயும். அப்போது நீர் வரும் பக்கத்துப் படகு விளிம்பு தாழ்ந்து, ஆறு படகுக்குள் புகுந்து, அதைப் பாறையோடு அழுத்திவிடும். செய்ய வேண்டியது நேர்மாறானது: பாறையின் பக்கமே சாய்ந்து, முடிந்தால் அதைக் கையால் அணைத்துப் பிடித்து, படகை மெல்ல நகர்த்த வேண்டும். எதிர்பாராததை வரவேற்பது என்பதற்கு இதைவிடத் துல்லியமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. உயிர்காப்பு அங்கியை அணியாமல் மூட்டையில் கட்டி வைத்திருப்பவருக்கு அந்த விளக்கமும் உதவாது என்பது வேறு விஷயம்.

கவிதையில் நேரும் தவறு, எழுத வேண்டியதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு வருவது. அந்திவானமும் லூன் பறவையின் கூவலும் ஏற்கெனவே மனத்தில் வரியாகிவிட்டவருக்கு, துடுப்பை உயர்த்தும்போதெல்லாம் அதன் தண்டு வழியே இறங்கி முழங்கை வரை நனைக்கும் நீர் வெறும் தொல்லையாகவே படும். அந்த முழங்கையிலிருந்து தொடங்கலாம். பேனா வேண்டாம், மை கரைந்துவிடும், பென்சில் போதும்.