அரை டிகிரி தாவும் வெப்பமானி: சரி செய்த கதை

ஆர்டுயினோ ஊனோ என்ற சின்ன மைக்ரோகன்ட்ரோலர் பலகையில் எல்எம்35 வெப்பநிலை சென்சாரை மாட்டி அறை வெப்பநிலையைப் பார்த்தால், திரையில் 28.32 வரும். அடுத்து நேராக 28.81. நடுவில் ஒன்றுமே கிடையாது. சென்சாரில் கோளாறு இல்லை. மல்டிமீட்டரில் பார்த்தபோது அதன் வெளியீடு சீராகத்தான் ஏறியது.

காரணம் குவான்டைசேஷன், அதாவது சீராக மாறும் அளவைப் படிகளாக வெட்டி எண்ணாக்குவது. ஊனோவின் ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி) 10 பிட். 0 முதல் 5 வோல்ட் வரை உள்ளதை 1024 படிகளாக வெட்டுகிறது. ஒரு படி சுமார் 4.88 மில்லிவோல்ட். எல்எம்35 தருவதோ டிகிரிக்கு 10 மில்லிவோல்ட். ஆக ஒரு படி என்பது கிட்டத்தட்ட அரை டிகிரி. தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம் காட்டுவதெல்லாம் வெறும் அலங்காரம்.

பலரும் சொல்கிறபடி நிறைய அளவீடுகள் எடுத்துச் சராசரி போட்டுப் பார்த்தேன். பலனில்லை. மின்னழுத்தம் ஒரே படிக்குள் அசையாமல் நின்றால் எத்தனை முறை அளந்தாலும் அதே எண்தானே வரும்? சராசரி உதவ வேண்டுமானால் சிக்னலில் ஒரு படி அளவுக்காவது இரைச்சல், அதாவது தாறுமாறான சின்ன ஏற்ற இறக்கம், வேண்டும். (இதற்காகவே இரைச்சலைச் சேர்ப்பவர்களும் உண்டு!)

சரி என்று அனலாக் ரெஃபரன்ஸை (ஏடிசி அளக்கும் உச்ச மின்னழுத்தத்தை) நிரலில் இன்டர்னலுக்கு, அதாவது சிப்புக்குள்ளேயே இருக்கும் 1.1 வோல்ட்டுக்கு, மாற்றினேன். இப்போது அதே 1024 படிகள் 1.1 வோல்ட்டுக்குள் அடங்கிவிட்டன; ஒரு படி ஏறக்குறைய 0.1 டிகிரி. 110 டிகிரிக்கு மேல் அளக்க முடியாது, அறைக்கு அது தாராளம். ஆனால் அந்த 1.1 என்பது சிப்புக்குச் சிப் 1.0 முதல் 1.2 வரை மாறும். அதனால் அந்த ரெஃபரன்ஸ் மின்னழுத்தம் வெளியே தெரியும் ஏரெஃப் பின்னில் மல்டிமீட்டர் வைத்து, வந்த மதிப்பையே நிரலில் போட்டேன். மாற்றியவுடன் வரும் முதல் சில அளவீடுகளை நம்ப வேண்டாம். அப்புறம், ஏரெஃப் பின்னில் வெளி மின்னழுத்தம் எதுவும் இணைந்திருக்கக் கூடாது, சிப் போய்விடும்.